லினக்ஸில் வீடியோ டவுன்லோடர்: எந்த வழியாகப் போட்டால் நிலைக்கும்?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் சிப் உள்ள பழைய ஆபீஸ் லேப்டாப்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. காரணம் தெரிந்ததுதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமென்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேலே இருக்க வேண்டும். நடுவில் மாட்டிக்கொண்ட மெஷின்களில் உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ ஏற்றுகிறார்கள். அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் பக்கம் எனக்குத் தெரிந்த வீடுகளிலேயே அப்படிச் சில லேப்டாப்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

லினக்ஸ் ஏறிய வாரத்திலேயே ஒரு கேள்வி வந்துவிடும்: வீடியோ இறக்க எதைப் போடுவது? ஊருக்குப் போகும் ரயில் ஓசூர் தாண்டி மலைப்பக்கம் ஏறினால் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். பி.ஜி. விடுதி வைஃபை ராத்திரியானால் நகரவே நகராது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்குப் பாடம், வீட்டிலிருக்கும் பெரியவருக்குக் கச்சேரி, சொற்பொழிவு என்று ஆளாளுக்கு ஒரு தேவை.

தேடிப் பார்த்தால் ஏழெட்டு மென்பொருள் பெயர்கள் வரும். ஆனால் லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் நல்லவற்றில் பெரும்பாலானவற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரே எஞ்சின்தான் இருக்கிறது. அதன் பெயர் ஒய்டி-டிஎல்பி (yt-dlp). அதனால் எந்த மென்பொருள் என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பெரிய பயனில்லை. அது எந்த வழியாக மெஷினுக்குள் வருகிறது, வந்த பிறகு அதை யார் புதுப்பிக்கப் போகிறார்கள் என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த ஒப்பீடு அந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் பழசாகிறது

2006இல் தொடங்கிய யூடியூப்-டிஎல்தான் இந்த வகைக்கெல்லாம் தாய். 2020 அக்டோபரில் அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் புகார் கொடுத்ததால், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் அதை எடுத்துவிட்டது. நவம்பரிலேயே திருப்பி வைத்தது. கூடவே, இப்படி மாட்டிக்கொள்ளும் நிரலாளர்களின் சட்டச் செலவுக்கு என்று பத்து லட்சம் டாலர் நிதியும் அறிவித்தது. அதற்கெல்லாம் பிறகும் யூடியூப்-டிஎல்லின் வேகம் குறைந்துகொண்டேதான் வந்தது. அதன் கடைசி நிலையான வெளியீடு 2021 டிசம்பர் 17 தேதியிட்டது. அதன் கிளையாக 2021இல் கிளம்பிய ஒய்டி-டிஎல்பிதான் இன்று எல்லோரும் பயன்படுத்துவது. பழைய கட்டுரைகளில் யூடியூப்-டிஎல் என்று பார்த்தால் அந்தக் கட்டுரையை அப்படியே மூடிவிடலாம்.

ஒய்டி-டிஎல்பியின் வெர்ஷன் எண்ணே ஒரு தேதிதான்: வருடம், மாதம், நாள். நந்தினி பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பது போல அதைப் பார்க்க வேண்டும். யூடியூப் போன்ற தளங்கள் தங்கள் பிளேயருக்குள் இருக்கும் நிரலை அடிக்கடி மாற்றுகின்றன. வீடியோ எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை அத்தோடு மாறிவிடும். நேற்று வரை ஓடிய மென்பொருள் இன்று 403 என்ற பிழையைக் காட்டும். அல்லது நீங்கள் ரோபோ இல்லையென்று நிரூபிக்க லாகின் செய்யுங்கள் என்று கேட்கும். "அண்ணா, நேத்து ராத்திரிகூட நல்லா ஓடுச்சு" என்று பக்கத்து வீட்டுப் பையன் வந்து நின்றால் நான் முதலில் கேட்பது வெர்ஷன் தேதியைத்தான். இப்போதைய பதிப்புகள் தாமே, தங்கள் வயது தொண்ணூறு நாளைத் தாண்டியதும் எச்சரிக்கை காட்டுகின்றன. எழுத்துச் செயலிக்கோ படம் பார்க்கும் செயலிக்கோ மூன்று வருடப் பழைய பதிப்பு போதும். இதற்குப் போதாது.

ஆப்ட் வழி

ஆப்ட் என்பது, களஞ்சியம் என்ற பொதுக் கிடங்கிலிருந்து பொதிகளை, அதாவது மென்பொருள் கட்டுகளை, எடுத்துப் போடும் மேலாளர். உபுண்டு, மின்ட், டெபியன் பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலில், ஒரு வரி, அல்லது மென்பொருள் கடையில் ஒரு கிளிக். நம்பகமான மூலம், சார்ந்த பொதிகள் தானாக வந்துவிடும், நீக்குவதும் சுலபம். மற்ற மென்பொருளுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சிக்கல் இதன் குணத்திலேயே இருக்கிறது. நிலையான வெளியீடு என்றால் வெளியான அன்றைய பதிப்புகளை உறைய வைத்துவிடுவார்கள். உபுண்டு 22.04 களஞ்சியத்தில் வந்த ஒய்டி-டிஎல்பியின் தேதி 2022 ஏப்ரல் 8. 24.04இல் வந்தது 2024 ஏப்ரல் 9. டெபியன் 12இல் 2023 மார்ச் 4. இவற்றை இன்று போட்டு யூடியூப் முகவரியைக் கொடுத்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். டெபியனில் பேக்போர்ட்ஸ் என்ற தனிக் களஞ்சியத்தைத் திறந்தால் புதியது கிடைக்கும். உபுண்டுவில் பிபிஏ என்று வெளியார் நடத்தும் களஞ்சியங்கள் உண்டு. ஆனால் பிபிஏ சேர்ப்பது என்றால் முன்பின் தெரியாத ஒருவருக்கு நம் மெஷினில் ரூட் என்ற முழு அதிகாரத்தோடு பொதி போட அனுமதி தருவது. ஒரு டவுன்லோடருக்காக அந்த அளவுக்குப் போக வேண்டுமா என்றால், எனக்கு வேண்டாம்.

ஆர்ச் லினக்ஸ்காரர்களுக்கு இந்தப் பகுதியே பொருந்தாது. அவர்களுடைய களஞ்சியம் உறைவதில்லை, புதுப் பதிப்பு சீக்கிரமே வந்துவிடும். ஃபெடோராவிலும் நிலைமை தேவலை. அவர்கள் தங்கள் களஞ்சியத்திலிருந்தே போட்டுக்கொண்டு மீதியைத் தாண்டிப் போகலாம்.

ஆப்ட் வழியாக வாங்க வேண்டியது ஒன்று மட்டும் உண்டு: எஃப்எஃப்எம்பெக். யூடியூபில் 1080பி தரத்தில் படம் தனிக் கோப்பு, ஒலி தனிக் கோப்பு. இரண்டையும் ஒட்டுவது எஃப்எஃப்எம்பெக்கின் வேலை. அது இல்லாவிட்டால் ஊமைப்படம் ஒன்றும் ஒலிக்கோப்பு ஒன்றும் தனித்தனியாக வந்து உட்கார்ந்திருக்கும், அல்லது தரம் குறைந்த பதிப்பு வரும். ஒட்டும் வேலைக்கு எஃப்எஃப்எம்பெக் பழையதாக இருந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. ஆக எஞ்சின் வேறு வழியில் வரட்டும், எஃப்எஃப்எம்பெக் ஆப்டில் வரட்டும்.

ஸ்னாப்

சுருக்கமாகவே சொல்லிவிடலாம். உபுண்டுவில் ஸ்னாப் என்ற இன்னொரு பொதி முறை ஏற்கெனவே இருக்கிறது, தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அது நல்ல விஷயம். ஆனால் ஸ்னாப் கடையில் யார் வேண்டுமானாலும் பொதி வெளியிடலாம். வெளியிட்டவர் யார், கடைசியாக எப்போது புதுப்பித்தார் என்று பார்க்காமல் போடக்கூடாது. அவர் கைவிட்டுவிட்டால் தானியங்கிப் புதுப்பித்தலுக்கு அர்த்தமே இல்லை. அப்புறம் அந்த வேலி. ஸ்னாப் செயலிகளால் ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்களைத் தொட முடியாது. பென் டிரைவில் எழுதவும் தனி அனுமதி கொடுக்க வேண்டும். மின்ட்டில் 2020இலிருந்தே ஸ்னாப் இயல்பாக அடைக்கப்பட்டிருக்கிறது. இதற்காக அதைத் திறக்க வேண்டியதில்லை.

பிப், பிப்எக்ஸ்

ஒய்டி-டிஎல்பி பைத்தானில் எழுதியது. அதனால் பைத்தானின் பொதி மேலாளரான பிப் வழியாகவும் வரும். பழைய வழிகாட்டிகள் எல்லாம் பிப் இன்ஸ்டால் என்றுதான் சொல்லும். உபுண்டு 23.04, டெபியன் 12 முதல் அப்படிச் செய்தால் மெஷின் மறுத்துவிடுகிறது. இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல், இங்கே கை வைக்காதே என்று ஒரு நீண்ட பிழைச்செய்தி வரும். கணினியின் சொந்த வேலைகளே பைத்தானை நம்பி ஓடுகின்றன. பிப் அதற்குள் நுழைந்து எதையாவது மாற்றினால் வேறொன்று படுத்துவிடும் என்பதால் போட்ட தடை. தடையை மீறும் விசை, அதாவது கட்டளையோடு சேர்த்து அடிக்கும் சொல், ஒன்று உண்டு. அதன் பெயரிலேயே கணினிப் பொதிகளை உடை என்று எழுதியிருக்கிறது. இணையத்தில் அதை அடி என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

சரியான மாற்று பிப்எக்ஸ். அது ஒவ்வொரு செயலிக்கும் தனி அறை கட்டிக் கொடுக்கும், கணினியின் பைத்தானைத் தொடாது. பிப்எக்ஸை ஆப்டில் வாங்கிக்கொண்டு, அதன் மூலம் ஒய்டி-டிஎல்பியைப் போடலாம். போடும்போது பெயருக்குப் பின்னால் சதுர அடைப்பில் டிஃபால்ட் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். அப்போதுதான் துணைப் பொதிகளும் வரும். ஏன் என்பது டீனோ பகுதியில் தெரியும். பிறகு பிப்எக்ஸ் அப்கிரேட் என்று எப்போதாவது ஒரு வரி அடித்தால் புதுப் பதிப்பு.

பைத்தானோடு பழகியவர்களுக்கு இது மிக ஒழுங்கான வழி. கோரமங்களாவிலோ ஒயிட்ஃபீல்டிலோ ஐ.டி. வேலை பார்க்கும் ஒருவர் இருக்கும் வீட்டில் இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. பழகாதவர்களுக்கு மட்டும் ஒரு இடைஞ்சல்: ஒய்டி-டிஎல்பி மெஷினில் இருக்கும் பைத்தான் எந்தப் பதிப்பு என்று பார்க்கும். இப்போதைய ஒய்டி-டிஎல்பிக்குப் பைத்தான் 3.10 குறைந்தபட்சம் தேவை. உபுண்டு 22.04இல் இருப்பது சரியாக 3.10. 20.04இல் இருப்பது 3.8, அங்கே இந்த வழி அடைபட்டுவிட்டது.

நேரடிக் கோப்பு

எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒய்டி-டிஎல்பியை உருவாக்குகிறவர்கள் ஒவ்வொரு வெளியீட்டோடும் ஓட்டத் தயாரான கோப்புகளைக் கிட்ஹப்பில் வைக்கிறார்கள். லினக்ஸுக்கு முக்கியமாக இரண்டு. ஒன்று பின்னொட்டு எதுவுமில்லாத சின்னக் கோப்பு, சுமார் 3 எம்பி. இது மெஷினில் உள்ள பைத்தானைப் பயன்படுத்தும். மற்றொன்று பெயரின் கடைசியில் லினக்ஸ் என்று முடியும். பைத்தானையும் உள்ளேயே வைத்துக்கொண்டிருப்பதால் இதைவிடப் பல மடங்கு பெரியது. பழைய உபுண்டுவில் பைத்தான் தகராறு வந்தால் இந்த இரண்டாவது கோப்பு காப்பாற்றும்.

இறக்கிய கோப்பை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் வழி தவறுகிறார்கள். பல வழிகாட்டிகள் யூஎஸ்ஆர் லோக்கல் பின் என்ற பொது இடத்தில் சூடோ, அதாவது நிர்வாகி அதிகாரம் தரும் கட்டளை, போட்டு வைக்கச் சொல்லும். அப்படி வைத்தால் ஒவ்வொரு முறை புதுப்பிக்கவும் சூடோ வேண்டும். ஒரு வீட்டு மெஷினுக்கு இது தேவையில்லை. உங்கள் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் லோக்கல் என்ற ஃபோல்டருக்குள் பின் என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதில் போடுங்கள். ரைட் கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸில் போய், இதை நிரலாக ஓட்ட அனுமதி என்பதை டிக் செய்யுங்கள். அப்புறம் ஒரு முறை லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள். உபுண்டுவும் டெபியனும் லாகின் நேரத்தில் அந்த ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தேடும் பட்டியலில் சேர்க்கின்றன. புதிதாக உண்டாக்கிய ஃபோல்டர் அடுத்த லாகினில்தான் கண்ணில் படும். "கமாண்ட் நாட் ஃபவுண்ட்னு வருது" என்ற புலம்பலில் பாதி இதனால்தான்.

ஏற்கெனவே ஆப்டில் போட்டிருந்தால் முதலில் அதை நீக்கிவிடுங்கள். இரண்டும் இருந்தால் எது ஓடுகிறது என்று தெரியாமல் குழப்பம்தான் மிச்சம்.

இந்த வழியின் பெரிய லாபம் புதுப்பித்தல். பெயருக்குப் பின்னால் ஹைஃபனும் பெரிய எழுத்து யுவும் அடித்தால் கோப்பு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். சூடோ வேண்டாம், வேறு மேலாளர் வேண்டாம். இந்த வசதி ஆப்டிலோ பிப்எக்ஸிலோ வந்த பதிப்பில் வேலை செய்யாது. வந்த வழியாகவே புதுப்பித்துக்கொள் என்று சொல்லிவிடும். யூடியூப் பெரிய மாற்றம் ஏதாவது செய்து நிலையான பதிப்பு தடுமாறும் நாட்களில், நைட்லி என்ற தடத்துக்கு மாறிக்கொள்ளவும் ஒரு விசை உண்டு. திருத்தம் பெரும்பாலும் அங்கே முதலில் வரும். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான்டேபில் வாரம் ஒரு முறை புதுப்பிக்கும்படி ஒரு வரி எழுதி வைத்துவிட்டால் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவே வேண்டாம். எனக்கு அந்த ஒரு வரிக்காகவே இந்த வழி பிடிக்கும்.

குறை என்ன? முதல் முறை போடுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கோப்பை அதிகாரபூர்வக் கிட்ஹப் பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அதே பெயரில் கவர்ச்சியான இணையதளங்கள் தேடலில் வரும், அவற்றின் பக்கம் தலை வைக்கக்கூடாது. பயன்பாடு முழுக்க டெர்மினலில்தான்.

டீனோ வந்த பிறகு

2025 நவம்பர் 12 வெளியீட்டிலிருந்து ஒரு புது நிபந்தனை சேர்ந்திருக்கிறது. யூடியூபில் எல்லாத் தரங்களும் கிடைக்க வேண்டுமென்றால் மெஷினில் வெளியே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் இயக்கியும் இருக்க வேண்டும். யூடியூப் பிளேயர் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு புதிர் போடுகிறது. அதை அவிழ்க்க ஒய்டி-டிஎல்பி முன்பு தனக்குள்ளேயே சின்னதாக ஒரு மாற்று வழி வைத்திருந்தது. புதிர் சிக்கலாகிக்கொண்டே போனதால் உண்மையான இயக்கியிடமே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். இயக்கி இல்லாவிட்டால் உடனே நின்றுவிடாது. சில தரங்கள் மட்டும் காணாமல் போகும், எச்சரிக்கை வரும்.

அவர்கள் பரிந்துரைப்பது டீனோ. அதை மட்டும் ஒய்டி-டிஎல்பி தானாகக் கண்டுபிடித்துப் பயன்படுத்தும். காரணம் பாதுகாப்பு: டீனோ தான் ஓட்டும் நிரலுக்கு அனுமதி கொடுக்காமல் கோப்புகளையோ இணையத்தையோ தொட விடாது. நோட் என்ற இன்னொரு இயக்கி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம், ஆனால் விசை கொடுத்துச் சொல்ல வேண்டும், பதிப்பு குறைந்தது 20 ஆவது இருக்க வேண்டும். உபுண்டு 24.04 களஞ்சியத்தில் இருக்கும் நோட் 18. ஆக அங்கேயும் ஆப்ட் கை கொடுக்காது. டீனோ உபுண்டு களஞ்சியத்தில் இல்லை. அதன் சொந்தத் தளத்தில் உள்ள ஒருவரி ஸ்கிரிப்ட் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே அதைப் போட்டுவிடும். 32 பிட் மெஷினுக்கு டீனோ கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பரணில் கிடக்கும் பழைய நெட்புக்கைத் தூசி தட்டி எடுக்கும் யோசனை இருந்தால் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிர் அவிழ்க்கும் துணை ஸ்கிரிப்ட்டுகள் நேரடிக் கோப்பில் உள்ளேயே இருக்கின்றன. பிப்எக்ஸில்தான் அந்த டிஃபால்ட் என்ற சொல் சேர்த்தால் வரும். சேர்க்க மறந்தவர்கள்தான் டீனோ போட்டும் வேலை செய்யவில்லை என்று தலையைச் சொறிகிறார்கள்.

டெர்மினலே வேண்டாம் என்றால்

ஃபிளாட்பேக் என்ற பொதி முறைதான் வழி. அதன் ஃபிளாட்ஹப் கடையில் இரண்டு செயலிகள் இதற்கு நன்றாக இருக்கின்றன. வீடியோ டவுன்லோடர் என்ற பெயரிலேயே இருப்பது மிக எளிமையானது: முகவரியை ஒட்டு, படமா ஒலியா என்று தேர்ந்தெடு, தரத்தைச் சொல், முடிந்தது. பேரபாலிக் கொஞ்சம் விரிவானது. முன்பு இதன் பெயர் டியூப் கன்வர்ட்டர். பிளேலிஸ்ட், சப்டைட்டில், ஒரே நேரத்தில் பல இறக்கங்கள் என்று எல்லாம் உண்டு. இரண்டுக்கும் உள்ளே ஒய்டி-டிஎல்பிதான். எஃப்எஃப்எம்பெக் போன்ற துணைகளும் பொதிக்குள்ளேயே வருவதால் தனியாக எதையும் தேட வேண்டாம்.

மின்ட்டில் ஃபிளாட்பேக் முதல் நாளே இருக்கிறது. மென்பொருள் மேலாளரில் தேடி ஒரு கிளிக்கில் போடலாம். உபுண்டுவில் முதலில் ஃபிளாட்பேக்கை ஆப்டில் போட்டு, ஃபிளாட்ஹப்பைச் சேர்க்க வேண்டும். ஒரு முறை செய்யும் வேலை. முதல் செயலியைப் போடும்போது அடித்தளமாகப் பல நூறு எம்பி இறங்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில், நாளுக்கு இத்தனை ஜிபி என்ற பிளானில் இருக்கிறவர்கள் இதைச் செய்ய நல்ல வைஃபை இருக்கும் இடத்துக்குப் போவது நல்லது. 128 ஜிபி எஸ்எஸ்டியில் இந்த இடம் உறுத்தும், 256இல் தெரியாது.

புதுப்பித்தலில் ஒரு தாமதம் உண்டு. ஒய்டி-டிஎல்பி புதிதாக வந்த பிறகு செயலியை உருவாக்குகிறவர் அதை உள்ளே சேர்த்து வெளியிட வேண்டும். யூடியூப் ஏதாவது மாற்றிய வாரத்தில் நேரடிக் கோப்பு வைத்திருப்பவர் அன்றே தப்பித்துவிடுவார், ஃபிளாட்பேக்காரர் சில நாள் காத்திருக்க நேரலாம். ஆனால் மற்ற புதுப்பித்தல்களோடு சேர்ந்து இது தானாக வந்துவிடும் என்பதால், டெர்மினல் பக்கம் போகாதவர்களுக்கு நான் இதையே போடுகிறேன்.

முகவரியை ஒட்டினால் இறக்கித் தரும் இணையதளங்களைப் பற்றி ஒரே வரி: விளம்பரமும் போலி பட்டனும் நிறைந்தவை, தவிர்த்துவிடுங்கள். ஃபோர்கே வீடியோ டவுன்லோடர் போன்ற மூடிய மென்பொருள் லினக்ஸுக்கும் உண்டு, இலவசப் பதிப்பில் நாளுக்கு இத்தனை என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். காசு கொடுக்கத் தயார் என்றால் அது உங்கள் விருப்பம். எனக்குத் தேவை தெரியவில்லை.

எதை இறக்கலாம்

யூடியூபின் நிபந்தனைகளின்படி, அவர்களே டவுன்லோட் பட்டன் தராத இடத்தில் இறக்குவது விதிமீறல். 1957ஆம் வருடத்து இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொந்தப் பயன்பாட்டுக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் இடம் தருகிறது. ஆனால் அதைக் காட்டிப் புதுப்படத்தை இறக்கி வாட்ஸ்அப் குழுவில் சுற்ற விடுவது நியாயமான அளவுக்குள் வராது. நெட்ஃபிளிக்ஸ், ஹாட்ஸ்டார் போன்றவற்றின் பூட்டிய வீடியோக்களை ஒய்டி-டிஎல்பி தொடுவதே இல்லை. தொடும் என்று சொல்லும் மென்பொருளைக் கண்டால் ஓடிவிடுங்கள். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடங்களை அவர்கள் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், அதற்கு இந்தப் பாடே வேண்டாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ள வீடியோக்களை மட்டும் காட்டும் வடிகட்டி யூடியூப் தேடலிலேயே இருக்கிறது. பிரவுசரின் குக்கீயைக் கொடுத்து லாகின் செய்த கணக்கோடு இறக்கும் வசதியும் உண்டு. அதிகமாக இறக்கினால் கணக்கே முடங்கலாம் என்று உருவாக்கியவர்களே எச்சரிக்கிறார்கள். வீட்டு போட்டோக்களும் பேங்க் மெயிலும் இருக்கும் கணக்கை அதற்குக் கொடுக்காதீர்கள்.

யாருக்கு எது

பி.ஜி.யில் தங்கிப் படிக்கும் பிள்ளை, டெர்மினலைக் கண்டு பயப்படாதவர்: நேரடிக் கோப்பு, கூடவே டீனோ, ஆப்டிலிருந்து எஃப்எஃப்எம்பெக். பிளேலிஸ்ட் ஒன்றை இறக்கும்போது ஏற்கெனவே இறக்கியதை ஒரு பட்டியல் கோப்பில் குறித்துக்கொள்ளும் வசதி இதில் இருக்கிறது. வைஃபை நடுவில் அறுந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

அல்சூரில் தனியாக இருக்கும் மாமா, ரிட்டயர் ஆனவர், கச்சேரி கேட்பவர்: மின்ட், அதில் வீடியோ டவுன்லோடர் ஃபிளாட்பேக். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அப்டேட் மேனேஜரில் ஆன் செய்து வைத்துவிட்டால் மாதத்துக்கு ஒரு முறை போய் உட்கார வேண்டியதில்லை. பேரபாலிக்கை அவருக்குப் போட வேண்டாம். தெரிவுகள் அதிகம், போன் வந்துகொண்டே இருக்கும்.

பைத்தானில் புழங்குகிறவருக்குப் பிப்எக்ஸ். கம்பெனி கொடுத்த லேப்டாப் என்றால் எதுவுமே போடாதீர்கள். ஐ.டி. துறைக்கு எல்லாம் தெரியும்.

போட்ட பிறகு இரண்டு அமைப்புகள்

தமிழ் வீடியோ இறக்குகிறவர்களுக்கு மட்டும் வரும் ஒரு தொல்லை உண்டு. கோப்பின் பெயர் மிக நீளம் என்று சொல்லி இறக்கம் நின்றுவிடும். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறையில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு மூன்று. அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்காகும். தமிழ் என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறி, 15 பைட். யூடியூப் தலைப்பு 100 குறி வரை போகலாம். முழுக்கத் தமிழில் இருந்தால் கிட்டத்தட்ட 300 பைட், எல்லை தாண்டிவிட்டது. விண்டோஸ் வேறு விதமாக எண்ணுவதால் அங்கே இந்தப் பிழை வராது. மின்ட்டில் ஹோம் ஃபோல்டரை என்கிரிப்ட் செய்திருந்தால் எல்லை 143 பைட்தான், சாதாரணத் தலைப்புக்கே இடிக்கும். ஒய்டி-டிஎல்பியின் அமைப்புக் கோப்பில் தலைப்பை இத்தனை பைட்டோடு வெட்டு என்று எழுதி வைக்கலாம். குறியை எண்ணாமல் பைட்டை எண்ணி வெட்டும் முறை அதில் இருக்கிறது. 100 பைட் என்று வைத்தால் எங்கும் இடிக்காது. பேரபாலிக்கில் என்றால் இறக்கும் முன் பெயரைக் கையால் சுருக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது அந்த எஸ்.பி. ரோடு சிப். ஒய்டி-டிஎல்பி எதுவும் சொல்லாவிட்டால், ஒரே தரத்தில், வீடியோவைச் சுருக்கி வைக்கும் குறிமுறைகள் பல இருக்கும்போது ஏவி1ஐத் தேர்ந்தெடுக்கும். அளவு சிறியது, தரம் நல்லது. ஆனால் ஏவி1ஐ வன்பொருளிலேயே அவிழ்க்கும் வசதி இன்டெல்லில் பதினொன்றாம் தலைமுறையில்தான் வந்தது. ஆறாம் தலைமுறை லேப்டாப்பில் அதை ஓட்டினால் சிப் முழு மூச்சாக வேலை செய்யும், ஃபேன் கத்தும், பேட்டரி கரையும். வீட்டில் இருக்கும் பழைய டிவியில் பென் டிரைவ் சொருகினால் படமே வராது. அமைப்புக் கோப்பில் எச்.264க்கு முன்னுரிமை கொடுங்கள். யூடியூபில் அது 1080பி வரைதான் கிடைக்கும், அந்த லேப்டாப் திரைக்கு அது தாராளம். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. நீளமான கச்சேரிகளை இறக்குகிறவர்கள் அதை எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பதால் முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். டிவிக்கு எக்ஸ்ஃபேட் தெரியுமா என்பதையும் ஒரு சின்னக் கோப்பைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.